நகல் எது என்று தீர்மானிப்பது யார்?

ஒலிப்பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு வேலை மட்டும் பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது. திரட்டிய கோப்புகளில் எவை தனிப்பதிவுகள், எவை ஒன்றின் மறுபடிகள் என்று பிரித்து மிகுதியை நீக்கும் வேலை அது. ஆய்வு நெறிமுறை இயலில் நேர்காணல்கள் எத்தனை, களப்பணி எத்தனை நாள், கேட்ட பதிவுகள் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் வரும். அந்த மணி நேரக் கணக்கில் ஒரே கச்சேரி மூன்று பெயர்களில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறதா என்பது வராது. எவை நீக்கப்பட்டன, எந்த அளவுகோலால் நீக்கப்பட்டன என்பதும் வராது. ‘அதெல்லாம் கணினி வேலை’ என்ற சொல்லுக்குள் அனைத்தும் அடங்கிவிடுகிறது.

அந்தச் சொல்லைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. நகல் நீக்கம் என்பது பதிப்பு வேலை. சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் காண்பவர் செய்யும் அதே வேலை, ஏட்டுக்குப் பதில் கோப்பின்மேல் நடக்கிறது. இதைத் தெரியாதவர் கையில் விட்டுவிட்டு அதன் விளைவின்மேல் முனைவர் பட்டம் பெறுவது, பிரதி பார்க்காமல் பதிப்புரை எழுதுவதற்கு ஒப்பாகும்.

சித்தூர்ப் பகுதியின் சாந்திபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, அருகிலுள்ள குப்பத்தின் திராவிடப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவரும் ஆய்வு மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அன்னமாச்சாரியார் பாடல்கள் 20ஆம் நூற்றாண்டில் கச்சேரி மேடைக்கு வந்த வரலாறு அவருடைய பொருள். திருப்பதி நண்பர் ஒருவர் ஒரு பென்டிரைவ் தருகிறார். சென்னை ரசிகர் ஒருவர் ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பதிவுகளை அனுப்புகிறார். கைபேசி வழியாக இன்னும் நூறு கோப்புகள் வந்து சேர்கின்றன. மூன்று மொழிகள் சந்திக்கும் ஊர் அது. ஆகவே ஒரே பாடலுக்கு ஒருவர் தெலுங்கிலும், மற்றொருவர் தமிழிலும், வேறொருவர் ஆங்கில எழுத்திலும் பெயரிட்டிருக்கிறார். வன்தட்டு நிறைகிறது. அறைத்தோழர் ஒருவர் உதவிக்கு வருகிறார். லினக்ஸ் முனையத்தைத் திறந்து, எஃப்டூப்ஸ் என்ற கட்டளையோடு உட்கோப்புறைகளையும் துழாவு, அழி, கேள்வி கேட்காதே என்னும் மூன்று விருப்பக்குறிகளைச் சேர்த்து என்டர் விசையை அழுத்துகிறார். அரை மணி நேரத்தில் வன்தட்டில் பாதி காலியாகிவிடுகிறது. திரையில் ஓடிய பட்டியலை யாரும் சேமிக்கவில்லை. சாளரத்தை மூடியதும் அதுவும் போயிற்று.

இதில் அந்தக் கட்டளையின் பிழை எதுவும் இல்லை. சொன்னதை அது துல்லியமாகச் செய்தது. என்ன சொன்னோம் என்பதை அறியாததே பிழை.

கட்டளை செய்வது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஃப்டூப்ஸ் முதலில் கோப்புகளின் அளவை ஒப்பிடுகிறது. அளவு வேறானால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. பெரும்பாலான கோப்புகள் இந்த ஒரு படியிலேயே விலகிவிடும். அளவு ஒத்தவற்றுக்கு முதலில் ஒரு பகுதிக்கும் பிறகு முழுமைக்கும் எம்டி5 என்னும் முறையில் ஹாஷ் மதிப்பு கணிக்கப்படுகிறது. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பிழிந்தெடுக்கும் 128 பிட் நீளமுள்ள அடையாள எண். உள்ளடக்கத்தில் ஒரு பைட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே எம்டி5 எண் வரும்படி திட்டமிட்டு அமைக்கலாம் என்று 2004இல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினர். எனினும் எஃப்டூப்ஸ் ஹாஷோடு நிற்பதில்லை. இறுதியில் இரு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்ட பின்னரே ‘இவை ஒன்று’ என்கிறது. அந்தத் தீர்ப்பை முழுமையாக நம்பலாம்.

ஆனால் அது எதைப் பற்றிய தீர்ப்பு? இரண்டு பைட் வரிசைகள் ஒன்றே என்பதைப் பற்றியது மட்டுமே. இசையைப் பற்றியோ பதிவின் வரலாற்றைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. இந்த இடைவெளியை மறப்பதால் விளையும் தவறுகள் மூன்று வகைப்படும்.

முதல் வகை, இசை ஒன்றாக இருந்தும் பைட்டுகள் வேறாவது. எம்பி3 கோப்பில் பாடகர், இராகம், ஆண்டு முதலிய விவரங்களை எழுதும் ஐடி3 என்னும் குறிப்பு, ஒலியோடு அதே கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டுகள். அடுத்த வடிவம் பெரும்பாலும் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும். ஒருவர் ‘தோடி’ என்றிருந்ததை ‘ஹனுமத்தோடி’ என்று திருத்தினாலே போதும். ஒலி ஓர் இம்மியும் மாறாவிட்டாலும் கட்டளைக்கு அது வேறு கோப்பு. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி போன்ற குறியாக்கங்களில் எழுதிய தமிழ்க் குறிப்புகள் இன்றைய கருவிகளில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. அவற்றைத் திருத்தியவரும் திருத்தாதவரும் ஒரே பதிவின் இரண்டு ‘வேறு’ கோப்புகளை வைத்திருப்பார்கள். எஃப்டூப்ஸ் இவற்றைக் கண்டுகொள்ளாது. ‘நகல் நீக்கியாயிற்று’ என்று நிம்மதி அடைந்த ஆய்வாளரின் தொகுப்பில் நகல்கள் அப்படியே இருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவிக்குக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு ஒலியோட்டத்துக்கு மட்டும் ஹாஷ் கணிக்கச் சொல்லலாம். ஃபிளாக் வடிவில் இது இன்னும் எளிது. சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் எம்டி5 மதிப்பு அந்தக் கோப்பின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதை வாசித்தால் போதும். இதைச் செய்ய ஒருவர் கணினி அறிவியலில் பட்டம் பெற வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை, பெயர் ஒன்றாக இருந்தும் இசை வேறாவது. கட்டளைகளைக் கண்டு அஞ்சுபவர்கள் கையால் நீக்கும்போது பெயரைத்தான் பார்க்கிறார்கள். இசைத் தொகுப்பில் பெயரைவிட ஏமாற்றுவது வேறொன்றில்லை. ‘தோடி’ என்று இரண்டு கோப்புறைகளில் இரண்டு கோப்புகள் இருக்கலாம். ஒன்று கருநாடக இசையின் தோடி, மற்றொன்று இந்துஸ்தானித் தோடி. ஸ்வர அமைப்பில் இந்துஸ்தானித் தோடிக்கு நெருக்கமானது கருநாடக மரபின் சுபபந்துவராளி. கருநாடகத் தோடிக்கு நெருக்கமானது இந்துஸ்தானி பைரவி. ‘சித்தூர்’ என்று மட்டும் ஒரு கோப்புறைக்குப் பெயர் இருந்தால், அது கச்சேரி நடந்த ஊரா, காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் மாணவரும் மதுரை சோமுவின் குருவுமான சித்தூர் சுப்ரமணிய பிள்ளையா? கேட்காமல் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்து இதில் தன் பங்குக்கு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. ‘தோ’ என்பதை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறிக்கென்று உள்ள ஒற்றை எண்ணைப் பயன்படுத்தலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாக இடலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை இவற்றைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் பொதுவாகக் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். ஆகவே லினக்ஸில் ஒரே கோப்புறைக்குள் ‘தோடி’ என்றே கண்ணுக்குத் தெரியும் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்கலாம். அவற்றை மேக்குக்கு நகலெடுக்கும்போது இரண்டும் ஒரே பெயராகக் கொள்ளப்பட்டு ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்படவும் கூடும். தமிழில் பெயரிட்ட பதிவுகளை வைத்திருக்கும் ஆய்வாளர் இதை அறியாமல் இருப்பதற்குச் சாக்கு எதுவும் கிடையாது. கொம்பும் காலும் அவருடைய துறைக்கு உரியவையே.

பெயர் ஒற்றுமையின் உச்ச எடுத்துக்காட்டு திருப்பதியிலேயே இருக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் திருமலைக் கோயிலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளில் கிடைத்தன. 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. செப்பேடுகளில் இராகப் பெயர் உண்டு, ஸ்வரக்குறிப்பு இல்லை. மெட்டு மரபு தொடர்ந்து வராததால், 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் இவற்றுக்கு மெட்டமைத்தார்கள். ஒரே பாடல் இரு மெட்டுகளில், சில வேளை இரு வேறு இராகங்களில் பாடப்படுவது இதனால்தான். பல்லவியின் முதற்சொல் ஒன்றே என்பதால் கோப்பின் பெயரும் ஒன்றே. பெயரைப் பார்த்து ஒன்றை அழிப்பவர் ஓர் இசையமைப்பாளரின் பங்களிப்பையே தொகுப்பிலிருந்து அழிக்கிறார். மேடைக்கு வந்த வரலாற்றை எழுதவந்த மாணவருக்கு அந்த வேறுபாட்டைவிட மதிப்புள்ள சான்று வேறெது?

நாட்டார் கலைப் பதிவுகளில் இது இன்னும் கடுமை. சித்தூர் வட்டாரத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதக் கதையும் கூத்தும் பல நாள் நடைபெறும். ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொரு நாளும் 001, 002 என்று தானே பெயரிட்டுக்கொள்கிறது. அட்டையைத் துடைத்துவிட்டு மறுநாள் பதிந்தால் மீண்டும் 001. பெயர் நோக்கி நகல் நீக்குபவர் கூத்தின் இரவுகளையே நீக்கிவிடுவார்.

மூன்றாம் வகை நுட்பமானது. பைட்டுகள் முற்றிலும் ஒன்றாகவே இருந்தும் சான்றுகள் இரண்டாக இருப்பது. இங்கேதான் ‘கேள்வி கேட்காதே’ என்ற விருப்பக்குறி உண்மையான கேட்டைச் செய்கிறது. ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது என்று கொள்வோம். ஒன்றின் பாதை ஆண்டு, சபா, நாடாவின் பக்கம் என்று விவரம் சொல்லும் கோப்புறைக்குள். மற்றொன்று ‘புதிய கோப்புறை 3’ என்பதற்குள். எஃப்டூப்ஸ் ஒவ்வொரு குழுவிலும் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கும். முதலாவது எது? வேறு ஏதும் சொல்லாவிட்டால், கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தின் வரிசைப்படி முதலில் வருவது. சாதாரணமாக நகலெடுக்கும்போது அந்த நேரம் நகலெடுத்த நேரமாக மாறிவிடும். ஆகவே, முறையாகப் பெயரிட்டு ஒழுங்குபடுத்திய கோப்புறைக்கு ஒருவர் அண்மையில் நகலெடுத்து வைத்திருந்தால், அழிவது அதுவே. மிஞ்சுவது ‘புதிய கோப்புறை 3’. ஒலி பிழைத்தது, ஆண்டும் சபாவும் போயின. எங்கிருந்து, எப்போது, யாரிடமிருந்து என்பதை இழந்த பதிவு ரசிகருக்குப் போதும். ஆய்வுக்கு அது பாதிச் சான்று.

பூஜ்ய அளவுள்ள கோப்புகளையும் இங்கே சொல்ல வேண்டும். நகலெடுப்பு பாதியில் நின்றால் பெயர் மட்டும் உருவாகி உள்ளே ஒன்றும் இல்லாத கோப்பு மிஞ்சும். தனியாகத் தடுக்காவிட்டால் எஃப்டூப்ஸ் இத்தகைய கோப்புகள் அனைத்தையும் ஒன்றன் நகல் ஒன்று என்று கொள்ளும். அதுவும் சரியே, வெறுமையும் வெறுமையும் சமம். ஆனால் அந்தப் பெயர்கள், எந்தெந்தக் கச்சேரிகள் வந்து சேரவில்லை என்பதற்கான ஒரே சாட்சி. அவை அழிந்தால் கேட்டு வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் அழிகிறது.

நகல்களில் சிறந்ததைத் தெரிவு செய்ய வழங்கும் ஒரு விதியும் இதே அறியாமையில் பிறந்தது. ‘பெரிய கோப்பை வைத்துக்கொள், சிறியதை அழி’ என்பது அந்த விதி. 128 கிலோபிட் வேகத்தில் சுருக்கிய எம்பி3யை ஒருவர் 320 கிலோபிட்டுக்கு மாற்றியிருக்கலாம். கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும். முதற்சுருக்கத்தில் இழந்த ஒலி திரும்பாது. இரண்டாம் சுருக்கத்தில் இன்னும் கொஞ்சம் கெடும். பெரியதை வைத்துச் சிறியதை அழித்தவர் மூலத்துக்கு நெருக்கமானதை அழித்து, கெட்டதைப் போற்றி வைக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் தானியங்கி வழி உண்டு, ஒலியையே கேட்டு ஒப்பிடும் கருவி வந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். குரோமாபிரின்ட் அத்தகைய கருவி. ஒலியிலிருந்து ஸ்வரங்களின் பரவலை எடுத்து ஒரு ரேகையாக்கித் தருகிறது. வடிவமும் சுருக்கமும் மாறினாலும் ரேகை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். பயனுள்ள கருவிதான். ஆனால் வேறாகச் சொல்லாவிட்டால் அது கோப்பின் முதல் 120 விநாடிகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரக் கச்சேரியின் முழுப்பதிவும், நாற்பதாவது நிமிடத்தில் நாடா தீர்ந்துபோன பதிவும் முதல் இரண்டு நிமிடங்களில் ஒன்றே. கால அளவையும் சேர்த்துப் பார்க்காமல் ரேகையை மட்டும் நம்பினால் எது அழியும் என்பது தற்செயல். ஐயத்துக்குரிய இணைகளை எடுத்துக்காட்டுவது கருவியின் வேலை. தீர்ப்பு காதுடையது.

இவ்வளவும் அழிப்பவர்களுக்கு எதிரான வாதம். இதைக் கேட்டு மகிழும் மறுதரப்பு ஒன்று உண்டு. ‘எதையும் அழிக்காதே, வன்தட்டு மலிவு’ என்பவர்கள் அவர்கள். குறுந்தகட்டுத் தரத்தில் சுருக்காத மூன்று மணி நேரக் கச்சேரி ஏறத்தாழ 1.9 கிகாபைட். ஒரு டெராபைட்டில் ஐந்நூறு கச்சேரிகள் அடங்கும். ஆகவே இடம் ஒரு பிரச்சினை இல்லை என்பார்கள். இடம் பிரச்சினை இல்லை என்பது உண்மை. எண்ணிக்கைதான் பிரச்சினை.

‘இந்தத் தொகுப்பில் இந்த இராகம் இத்தனை முறை பாடப்பட்டிருக்கிறது’ என்று ஆய்வேடு சொல்லும்போது, அது கோப்புகளை எண்ணுகிறதா, பாடிய நிகழ்வுகளை எண்ணுகிறதா? புகழ்பெற்ற பதிவு பலர் கையில் இருக்கும், ஆகவே பலமுறை வந்து சேரும். அரிய பதிவு ஒருமுறைதான் வரும். நகல்களோடு எண்ணினால் புகழ் பெற்றதே மேலும் பெருகித் தோன்றும். அதாவது ரசிகர்களின் பரிமாற்றப் பழக்கத்தைக் கச்சேரி மரபின் இயல்பென்று ஆய்வேடு எழுதிவிடும். இது சிறு பிழை அன்று. முடிவையே திருப்பிப்போடும் பிழை.

உலக அளவிலும் இதற்குச் சான்று உண்டு. இசையைக் கணினியால் வகைப்படுத்தும் ஆய்வில் 2002 முதல் உலகெங்கும் பயன்பட்டது ஜிடிஇசட்ஏஎன் என்னும் தரவுத்தொகுப்பு. பத்து வகைகளில், ஒவ்வொன்றும் 30 விநாடி கொண்ட 1,000 துண்டுகள். பத்தாண்டுகளுக்குப் பின்னர் 2012இல் பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் அதை உட்கார்ந்து சரிபார்த்தபோது, ஏறத்தாழ 5 விழுக்காடு அச்சு அசலான மறுபடிகள் என்றும், பத்து விழுக்காட்டுக்கு மேல் தவறாகப் பெயரிடப்பட்டவை என்றும் கண்டார். கற்பிக்கும் பகுதியில் உள்ள துண்டே சோதிக்கும் பகுதியிலும் இருந்தால், கணினி இசையை அறிந்ததா, முன்பே கேட்டதை நினைவில் வைத்திருந்ததா என்று பிரிக்க முடியாது. அதுவரை அந்தத் தொகுப்பைக் கொண்டு துல்லியம் இத்தனை விழுக்காடு என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். கருநாடக இசைக்கும் இன்று பெருந்தொகுப்புகள் உருவாகியுள்ளன. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் தலைமையேற்று, சென்னை ஐஐடியும் பங்குகொண்ட காம்ப்மியூசிக் திட்டம் அதற்கு வழி திறந்தது. இனி இங்கே உருவாகும் தொகுப்புகள் அந்தப் பத்தாண்டுத் தவறைத் திரும்பச் செய்ய வேண்டுமா?

ஆகவே அழிப்பதும் பிழை, அழிக்காதிருப்பதும் பிழை என்றால், சரியானது எது? தமிழ்ப் பதிப்புலகம் அதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரு பிரதி கிடைத்ததும் நின்றுவிடவில்லை. ஊர் ஊராகப் பிரதிகளைத் தேடினார். கிடைத்தவற்றை ஒப்பிட்டார். பாடவேறுபாடுகளைக் குறித்தார். வாசகர் கையில் கிடைத்தது ஒரு பாடம். அதன் பின்னால் நின்றவை பல பிரதிகள். பிரதிகள் மிகுந்ததற்காக அவற்றைக் குப்பை என்றும் சொல்லவில்லை, அனைத்தையும் அச்சிட்டு வாசகர் தலையில் கட்டவும் இல்லை. எண்ணுவதற்கு ஒன்று, சாட்சிக்கு அனைத்தும். ஒலிக்கோப்புக்கும் இதுவே நெறி.

இந்த நெறியை நடைமுறைப்படுத்தக் கட்டளை வரியைப் போல் உகந்த கருவி வேறில்லை. மானுடவியல் துறைகளில் கட்டளை வரி என்றாலே ஒரு விலகல் இருக்கிறது. கறுப்புத் திரை, புரியாத குறிகள், தவறினால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம். அதனால் வண்ணப் பொத்தான்கள் கொண்ட மென்பொருளை நாடுகிறார்கள். ஆனால் பொத்தானை அழுத்தியதற்குப் பெரும்பாலும் பதிவு இல்லை. எந்தத் தேர்வுகளோடு அழுத்தினோம் என்பது மறுநாள் நமக்கே நினைவிருக்காது. கட்டளையோ ஒரு வரி எழுத்து. அதை அப்படியே பின்னிணைப்பில் அச்சிடலாம். நெறியாளர் படிக்கலாம். இன்னொருவர் தன் கணினியில் மீண்டும் இயக்கிச் சரிபார்க்கலாம். எழுத்தை நம்பி வாழும் துறையினர் எழுத்தால் இயங்கும் கருவியைக் கண்டு அஞ்சுவது விந்தை.

செய்ய வேண்டியவை சில. முதலில், எதையும் தொடாமல் எல்லாக் கோப்புகளின் பாதை, அளவு, நேரம், ஹாஷ் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதிச் சேமிக்க வேண்டும். ஃபைண்ட், எம்டி5சம் என்னும் இரு எளிய கட்டளைகள் பெரும்பகுதிக்குப் போதும். இரண்டாவது, நகல் தேடும் கட்டளையை அழிக்கும் விருப்பக்குறி இல்லாமல் இயக்கி அதன் வெளியீட்டையும் கோப்பாக்க வேண்டும். ஆர்எம்லின்ட் என்னும் கருவி இந்த வகையில் நாகரிகமானது. தானாக எதையும் அழிக்காமல், அழிக்க வேண்டியவற்றை ஒரு நிரலாக எழுதித் தருகிறது. அதைப் படித்து, திருத்தி, பிறகே இயக்கலாம். மூன்றாவது, ஒலி மட்டும் ஒத்தவற்றையும் ரேகை ஒத்தவற்றையும் தனிப்பட்டியலாக்கிக் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நான்காவது, நீக்கத் தீர்மானித்தவற்றை அழிக்காமல் வேறொரு வட்டுக்கு நகர்த்தி ஆய்வேடு ஏற்கப்படும் வரை வைத்திருக்க வேண்டும். கட்டளை வரியில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை.

இரண்டு பாதைகளும் வேண்டும், இடமும் மிச்சமாக வேண்டும் என்பவருக்கு ஹார்ட் லிங்க் என்னும் வழி உண்டு. ஜேடூப்ஸ் முதலிய கருவிகள் நகலை அழிப்பதற்குப் பதில், இரண்டு பெயர்களும் வட்டில் உள்ள ஒரே உள்ளடக்கத்தைச் சுட்டும்படி இணைத்துவிடும். சபாவின் பெயர் கொண்ட பாதையும் இருக்கும், பாடகர் பெயர் கொண்ட பாதையும் இருக்கும், இடம் ஒன்றுக்குத்தான் செலவாகும். இதற்கும் எல்லை உண்டு. ஒரே கோப்பு முறைமைக்குள் மட்டுமே இது இயலும். வெளி வன்தட்டுகளில் பரவலாக உள்ள எக்ஸ்ஃபேட் அமைப்பில் இயலாது. ஒரு பெயரின் வழியே உட்குறிப்பைத் திருத்தினால் பெரும்பாலும் மற்றதிலும் திருத்தம் தெரியும். வேறு வட்டுக்கு நகலெடுக்கும்போது தனியாகச் சொல்லாவிட்டால் மீண்டும் இரண்டு கோப்புகளாகிவிடும். இந்த எல்லைகளை அறிந்து பயன்படுத்துபவருக்கு நல்ல கருவி.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற முறையீடு எழும். உதவித்தொகைக்குக் காலக்கெடு, கட்டுரைக்குக் காலக்கெடு, ஆய்வேட்டுக்குக் காலக்கெடு என்று மாணவர் ஓடிக்கொண்டிருப்பது உண்மை. அதனால்தான் இந்தப் பொறுப்பை மாணவர் தோளில் மட்டும் ஏற்றக் கூடாது. துறைகள் முதற்பருவப் பயிற்சியில் மேற்கோள் முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும். நூற்பட்டியலில் முற்றுப்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று கண்டிப்பு காட்டும் நெறியாளர்கள், ஒலிச்சான்றுகளின் பட்டியலில் ஒரே பதிவு இருமுறை வந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. மாணவர் அதை முக்கியமென்று கருதாததில் வியப்பென்ன?

கோருவது பெரிதன்று. ஒலிப்பதிவுகளை ஆதாரமாகக் கொள்ளும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் ஒரு பக்கம் வேண்டும். வந்து சேர்ந்த கோப்புகள் எத்தனை, அவற்றில் பைட் அளவில் ஒத்தவை எத்தனை, ஒலி அளவில் ஒத்தவை எத்தனை, கேட்டுத் தீர்மானித்தவை எத்தனை, பயன்படுத்திய கருவியும் பதிப்பும் கட்டளை வரியும் எவை, எஞ்சிய தனிப்பதிவுகள் எத்தனை என்று அது சொல்ல வேண்டும். அந்த ஒரு பக்கம் இல்லாமல் எழுதப்படும் எந்த எண்ணிக்கையும் ஆய்வு முடிவாகாது.

சாந்திபுரத்து அறையில் காலியான அந்த வன்தட்டுக்கு இனி எதுவும் செய்ய இயலாது. எந்த மெட்டு போயிற்று, எந்த ஆண்டு போயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாணவர் வாய்மொழித் தேர்வுக்கு வரும் நாள் இன்னும் வரவில்லை. அன்று கேள்விகள் முடிந்து பாராட்டு தொடங்கும் முன்னர், புறத்தேர்வாளர் ஒருவராவது ஒரு கேள்வி கேட்கட்டும். நீக்கியவற்றின் பட்டியல் எங்கே?